முதல் மடக்கைத் தள்ளிப்போடுவது எப்படி?

பிள்ளைக்குப் பத்து வயது நிறைந்ததும் தொடங்க வேண்டிய வேலை இது. பல வீடுகளில் பிளஸ் டூ பரீட்சை முடிந்த ராத்திரி, வாயில் மது வாடையோடு பையன் வாசலில் வந்து நின்ற பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. அவன் முதல் மடக்கைக் குடித்து அதற்குள் இரண்டு மூன்று வருடம்கூட ஆகியிருக்கலாம். தமிழ்நாட்டில் பத்திலிருந்து பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கும், அவர்களுக்குப் பாடம் நடத்துபவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

இலக்கை முதலில் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். “என் பிள்ளை ஆயுசுக்கும் தொடக் கூடாது” என்பது ஆசை. அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் கையில் எடுத்துச் செய்யக்கூடிய வேலை, முதல் மடக்கை வருடம் வருடமாகத் தள்ளிப்போடுவது. 1997-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் பத்துக்கு நான்கு பேர் வாழ்க்கையின் ஏதோவொரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதைத் தாண்டித் தொடங்கியவர்களில் அது பத்துக்கு ஒருவர்தான். குடும்பச் சூழல் போன்ற வேறு காரணங்களும் இதற்குள் இருக்கின்றன. இருந்தாலும் வயதைத் தள்ளிப்போடுவதால் நஷ்டம் என்று எதுவும் இல்லை. “போதும், நிறுத்து” என்று சொல்லும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயது வாக்கில் ஆகிறது. ஆசையைத் தூண்டும் பகுதியோ பதின்மூன்று, பதினான்கிலேயே முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் நாம் கூட நிற்க வேண்டும்.

அளவுக் கணக்கு

பிள்ளையிடம் பேசப் போகிறவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் “பீர்தானே, அதுல ஒண்ணும் இல்லை” என்ற ஒரே வாக்கியத்தில் பேச்சு முடிந்துவிடும்.

நம் ஊர் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாவற்றிலும் சாராயச் சத்து சுமார் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் ‘கட்டிங்’ என்றால் தலைக்கு 30 கிராம். 8 சதவீதம் வரை போகும் ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் ஒன்றில் 40 கிராம். அதாவது ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீர், ஒரு கட்டிங்கைவிட அதிகம். உடல் ஒரு மணி நேரத்தில் கழிப்பது ஏழிலிருந்து பத்து கிராம்தான். 45 கிலோ எடையுள்ள பையன் ஒரு குவார்ட்டரை மளமளவென்று குடித்தால், அவன் ரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிக்கு 200 மில்லிகிராமை நெருங்கிவிடும். பெரியவர்கள் வண்டி ஓட்டச் சட்டம் பொறுத்துக்கொள்ளும் அளவு 30. பழக்கமில்லாத சின்ன உடம்பு, வெறும் வயிறு, யார் சீக்கிரம் முடிப்பது என்ற பந்தயம் மூன்றும் சேரும் இடத்தில்தான் உயிருக்கு ஆபத்து வருகிறது.

இன்னொரு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் வெளியான மத்திய அரசின் தேசியக் கணக்கெடுப்பில், 10 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் மது குடிப்பவர்கள் 1.3 சதவீதம். “கிளாஸ்ல எல்லாரும் குடிக்கிறாங்கம்மா” என்று பிள்ளை சொல்வது, பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் அல்ல. குடிப்பவன் சத்தமாகப் பேசுகிறான், குடிக்காதவன் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதனால் அப்படித் தெரிகிறது.

முதல் மடக்கு வரும் வழி

கெட்ட சகவாசம், தெரியாத ஆள், கடைக்காரன் என்று நாம் வெளியே தேடுகிறோம். முதல் மடக்கைப் பெரும்பாலும் நீட்டுவது தெரிந்த கைதான்.

ஒரு கல்யாண மண்டபத்தைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். முன்னால் வரவேற்பு நடக்கும்போது, வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு வேனின் பின்கதவு திறந்திருக்கும். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், பந்தியிலிருந்து வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்த சில்லி சிக்கன். பதினான்கு வயதுப் பையனை ஒருவர் கூப்பிட்டு, “மாப்ள, உள்ள போய் ரெண்டு ஊறுகா வாங்கிட்டு வாடா” என்பார். இரண்டாவது தடவை “ஐஸ் வாங்கிட்டு வா.” மூன்றாவது தடவை அவன் அங்கேயே நிற்பான், யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். டம்ளரின் அடியில் மிச்சமிருப்பதில் கூல்டிரிங்க்ஸை நிறைய ஊற்றி, “சும்மா ஒரு வாய்டா, நீயும் ஆம்பளைதானே” என்று நீட்டுவது அவனுக்கு மிகவும் பிடித்த சித்தப்பாவாக இருக்கும். அந்த நிமிடத்தில் அவன் சாராயத்தை விரும்பவில்லை. பெரியவர்கள் வட்டத்தில் தனக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது என்பதுதான் அவனுக்கு இனிக்கிறது.

சாவு வீட்டில் மேளத்துக்கு ஆடும் கூட்டத்திலும், கோயில் திருவிழாவின் கடைசி நாளிலும், புத்தாண்டு ராத்திரியிலும், பரீட்சை முடியும் நாளிலும் இதே வரிசைதான். கடலூர், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதுச்சேரிப் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே வயது வரம்பு 18. ஆக, பிள்ளையின் வருடத்தில் ஆபத்தான நாட்கள் எட்டோ பத்தோதான். காலண்டரை எடுத்து அந்த நாட்களைக் குறியுங்கள். அந்த நாளில் அவன் யாரோடு போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புகிறான், கூட யார் பொறுப்பு என்பதை முன்தினமே முடிவு செய்யுங்கள். கல்யாணமென்றால் உங்கள் பக்கத்துச் சித்தப்பா, மாமாக்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: “அவனை அந்தப் பக்கம் கூப்பிடாதீங்க. ஊறுகா வாங்கக்கூட அனுப்பாதீங்க.” சொல்ல ஒரு நிமிடம் சங்கடமாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்த மாமாவுக்குச் சட்டமும் தெரியட்டும். சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 77-வது பிரிவின்படி, 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மது கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

வீட்டில் பாட்டில் இருந்தால் அது பூட்டும் அலமாரிக்குள் போக வேண்டும். பீரோவின் மேல்தட்டும், ஃபிரிட்ஜின் பின்பக்கமும், பைக்கின் டிக்கியும் பிள்ளைக்குத் தெரியாத இடங்கள் அல்ல. பாட்டிலில் அளவைக் குறித்து வைத்தாலும் எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார்கள். பூட்டுதான் சரி. பூட்ட மனமில்லையென்றால் வீட்டில் வைக்காதீர்கள்.

கடைக்குப் போய் சோடா, முட்டை, மிக்சர் வாங்கி வரப் பிள்ளையை அனுப்பும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். கிளாஸ் கழுவ, ஊற்றிக் கொடுக்க, காலி பாட்டிலைக் கொண்டுபோய்ப் போடச் சொல்வதும் அப்படியே. இதெல்லாம் சின்ன வேலை மாதிரித் தெரிந்தாலும் பிள்ளையின் மூக்குக்கு அந்த வாடை பழகிப்போகிறது. முதல் தடுப்பான அருவருப்பு அங்கேயே போய்விடுகிறது.

“வெளியே திருட்டுத்தனமாகக் குடிப்பதற்கு, நம் கண் முன்னால் கொஞ்சம் பழகட்டுமே” என்று சில படித்த வீடுகளில் நினைக்கிறார்கள். இதை ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துப் பார்த்துவிட்டார்கள். பெற்றோர் கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அப்படிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிப்பதுதான் கூடியது. பண்டிகைக்கு ஒரு ஸ்பூன் ஒயின், சளிக்கு ஒரு மூடி பிராந்தி என்பதையும் இதே கணக்கில் எழுதுங்கள்.

பேசும் முறை

உட்கார வைத்து ஒரு மணி நேரம் நடத்தும் உபதேசத்துக்குப் பலன் மிகக் குறைவு. ஐந்து நிமிடம், மாதம் இரண்டு தடவை போதும். வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது, படத்தில் கதாநாயகன் குடிக்கும் காட்சி வரும்போது பேசுங்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் இருந்து பேசினால் பதின்ம வயதுப் பிள்ளை அதிகம் பேசும்.

பத்து, பதினொன்றில் விதியை மட்டும் சொல்லுங்கள்: “நம்ம வீட்ல 21 வயசு வரைக்கும் யாரும் தொடறதில்ல. சட்டமும் அதுதான்.” தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது பெற்றோர் கைக்குக் கிடைத்த நல்ல ஊன்றுகோல். பதின்மூன்றுக்கு மேல் கேள்வியாகக் கேளுங்கள். “உன் செட்ல யாராவது டிரை பண்ணியிருக்காங்களா? அப்ப நீ என்ன பண்ணின?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளை ஒரு நண்பனின் பெயரைச் சொன்ன உடனே “இனிமே அவன்கூடச் சேராதே” என்றால், அடுத்த பத்து வருடத்துக்கு உங்களிடம் எந்தப் பெயரும் வராது. பதினாறுக்கு மேல் அளவுக் கணக்கையும், வாந்தியையும், வண்டியையும் பேசலாம்.

கல்லீரல் கெட்டுப்போகும் என்று பயமுறுத்துவது இந்த வயதில் ஏறாது. நாற்பது வயது அவனுக்கு வேறு யாருடைய வாழ்க்கையோ மாதிரி. அடுத்த நாள் காலைப் பயிற்சியில் ஓட முடியாது, போதையில் உளறுவதை யாராவது வீடியோ எடுத்து குரூப்பில் போடுவார்கள், முகம் வீங்கும். இவை ஏறும்.

வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொடுப்பதை வாய்வார்த்தையோடு விட்டுவிடாதீர்கள், நடித்துப் பழக்குங்கள். நீங்கள் நண்பனாக நின்று டம்ளரை நீட்டுங்கள், அவன் மறுக்கட்டும். நீளமான விளக்கம் தோற்றுப்போகும், ஏனென்றால் ஒவ்வொரு காரணத்துக்கும் எதிராளியிடம் ஒரு பதில் இருக்கும். “வேணாம்டா” என்று சொல்லிக் கையில் வேறு ஒரு கூல்டிரிங்க்ஸை வைத்துக்கொள்வதும், “எங்கம்மா வாயை மோந்து பாப்பாங்க, செருப்புதான்” என்று பழியை உங்கள் மேல் போடுவதும் வேலை செய்யும். அந்தப் பழியைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். மூடி திறந்த பாட்டிலையும், தான் எழுந்துபோன நேரத்தில் மேசையில் இருந்த கிளாஸையும் மறுபடி தொடக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பெண் பிள்ளைக்கு இது இரட்டிப்பாக அவசியம். சாராயம் கலந்தது தெரியாமல் குடித்துவிட்டு, “அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவார்” என்ற பயத்தில் போன் செய்யாமல் இருந்து மாட்டிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். “என்ன நடந்திருந்தாலும் முதல்ல எனக்குப் போன் பண்ணு” என்ற வாக்கியத்தை அவள் பலமுறை கேட்டிருக்க வேண்டும்.

மிஸ்டு கால் ஏற்பாடு

இதற்குச் செலவே இல்லை. பிள்ளை ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டால் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறான், அல்லது முன்பே பேசிவைத்த ஒரு வார்த்தையை வாட்ஸாப்பில் அனுப்புகிறான். இரண்டு நிமிடத்தில் நீங்கள் திரும்ப அழைத்து, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படி, “பாட்டிக்கு உடம்பு சரியில்ல, உடனே கிளம்பி வா. எங்க இருக்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்கிறீர்கள். அவன் முகம் கெடாமல் வெளியே வந்துவிடலாம்.

இது வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்கு வண்டியில் வரும்போது விசாரணை கூடாது. முதல் தடவையே “அங்க எதுக்குப் போன?” என்று ஆரம்பித்தால் இரண்டாவது மிஸ்டு கால் வராது. கேட்க வேண்டியதை மறுநாள் கேளுங்கள்.

நேரம், பணம், வண்டி

பள்ளி முடியும் நான்கு மணியிலிருந்து வேலைக்குப் போன பெற்றோர் திரும்பும் ஏழு, எட்டு மணி வரை வீடு காலியாக இருக்கிறது. மதுக்கடை பகல் 12 மணிக்கே திறந்துவிடுகிறது. இந்த மூன்று மணி நேரத்தை நிரப்புவதுதான் இந்தக் கட்டுரையிலேயே பலன் அதிகமுள்ள வேலை. கபடி, சிலம்பம், கால்பந்து, பறை, நூலகம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் பெரியவர் ஒருவர் பொறுப்பில், வாரம் மூன்று நாளாவது, வராவிட்டால் ‘ஏன் வரல’ என்று கேட்கும் இடமாக இருக்க வேண்டும். பொறுப்பாளர் இல்லாத மைதானமும் குட்டிச்சுவரும் ஒன்றுதான். பயிற்சியாளர் எப்படிப்பட்டவர் என்றும் பாருங்கள். போட்டியில் ஜெயித்த அன்று பையன்களுக்குப் பீர் வாங்கித் தரும் ‘அண்ணன்’ இருக்கும் கிளப்பைவிட வீட்டில் சும்மா இருப்பது மேல்.

பணத்தில் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல, கணக்கில்லாத நூறு ரூபாயை. நான்கு பேர் ஆளுக்கு நூறு போட்டால் போதும். டியூஷன் பீஸ் உங்கள் கையிலிருந்து நேராக ஆசிரியருக்குப் போகட்டும். பிள்ளை போனில் பணம் அனுப்பும் செயலி இருந்தால், மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வரவு செலவைப் பாருங்கள். திருட்டுத்தனமாகப் பார்க்காதீர்கள்.

வண்டிச் சாவி உங்களிடமே இருக்கட்டும். 18 வயதாகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ பிடிக்கும். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

அப்பா குடிப்பவராக இருந்தால்

தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் குடிக்கிறார். ஆகவே இந்தப் பகுதி பல வீடுகளுக்கு வேண்டியது. குடிப் பழக்கத்துக்கு அடிமையாகும் சாய்வில் பாதியளவு பரம்பரை சார்ந்தது என்று மருத்துவம் சொல்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதல் மடக்கைத் தள்ளிப்போடுவது மிக மிக அவசியம்.

“அவரே குடிக்கிறார், நான் எப்படிப் பிள்ளையைக் கேட்பேன்” என்று அம்மாக்கள் தளர்ந்துபோகிறார்கள். கேட்கலாம். அப்பாவே கேட்டால் இன்னும் நல்லது, ஆனால் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில்: “நான் குடிக்கிறேன். விட முடியாம கஷ்டப்படறேன். உனக்கும் என் ரத்தம்தான். அதனாலதான் சொல்றேன், நீ ஆரம்பிக்காத.” பெருமையாகச் சொல்லும் குடிக் கதைகளை மட்டும் பிள்ளை முன்னால் சொல்ல வேண்டாம். அவர் போதையில் வரும் ராத்திரியில் சாப்பாடு, படிப்பு, தூக்கம் மூன்றும் அதே நேரத்தில் நடக்க வேண்டும். அவரைத் தேடிக் கடைக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது. கை நீளும் வீடாக இருந்தால், பிள்ளைகள் போய்ப் படுக்கப் பக்கத்தில் ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள். உதவிக்குச் சைல்டு லைன் 1098 எந்த நேரமும் எடுப்பார்கள்.

பள்ளிக்கூடம்

ஒரு நாள் ஊர்வலம், ஓர் உறுதிமொழி, கெட்டுப்போன கல்லீரலின் படம், ‘நான் எப்படிக் கெட்டேன்’ என்று பேசும் சிறப்பு விருந்தினர். இவை ஆசிரியருக்கு வேலை செய்த திருப்தியைத் தரும், மாணவனிடம் எதையும் மாற்றாது. சில பிள்ளைகளுக்கு அந்த விருந்தினரின் கதை சாகசமாகக்கூடப் படும்.

பலன் தருவது தொடர்ச்சி. எட்டாம் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு வகுப்புகள், அடுத்த இரண்டு வருடம் அதை நினைவூட்டும் நாலைந்து வகுப்புகள். பாதி நேரம் மாணவர்கள் பேசவும் நடிக்கவும் வேண்டும். பள்ளியில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் இருந்தால் அதன் நேரத்தை இதற்கே எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் செய்யக்கூடிய ஒரு பயிற்சி இது. எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டுச் சீட்டு, ஒரே நிறப் பேனா. பெயர் வேண்டாம். இரண்டு கேள்வி: ‘போன 30 நாளில் நீ குடித்தாயா?’ ‘உன் வகுப்பில் பத்துக்கு எத்தனை பேர் குடிப்பார்கள் என்று நினைக்கிறாய்?’ நான்காக மடித்து டப்பாவில் போடச் சொல்லி, ஆசிரியர் தனியாக எண்ண வேண்டும். ஊகம் எப்போதும் உண்மையைவிடப் பெரிதாக இருக்கும். மறுநாள் இரண்டு எண்ணையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதினால் வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும். உண்மை எண்ணே பெரிதாக வந்தால் மட்டும் பலகையில் எழுதாதீர்கள். அது எதிர்வேலை செய்யும். அப்போது தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் உட்கார்ந்து பேச வேண்டும். கையெழுத்தை வைத்து யாரென்று கண்டுபிடிக்க முயன்றால் அந்தப் பள்ளியில் இனி ஒருவனும் உண்மை எழுத மாட்டான்.

ஐஸ்லாந்தில் 1998-ல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். அவர்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிச் சாதித்தது அல்ல இது. விளையாட்டுக்கும் கலைக்கும் பணம் ஒதுக்கினார்கள், பிள்ளைகள் ராத்திரி எத்தனை மணி வரை வெளியே இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள், ஒரே பள்ளிப் பெற்றோர்கள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள், வருடாவருடம் கணக்கெடுத்தார்கள். இதில் மூன்றாவது நம்மால் நாளைக்கே முடியும். உங்கள் பிள்ளையின் கூட்டத்தில் எட்டுப் பேர் என்றால் எட்டு வீட்டுப் போன் நம்பரும் உங்களிடம் இருக்கட்டும். எட்டு வீட்டிலும் ராத்திரி ஒரே நேரம் என்று முடிவானால், “அவன் வீட்ல பத்து மணி வரைக்கும் விடறாங்க” என்ற வாதம் எழாது.

தெரு

கல்வி நிலையத்திலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தூரத்துக்குள் மதுக்கடை வைக்கக் கூடாது என்பது விதி. மீறல் இருந்தால் கடை எண், இடம், தேதி போட்டு, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் நாளில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சீருடைப் பையனுக்கு விற்பதையும், பெட்டிக்கடையிலோ வீட்டிலோ வைத்து நேரம் கெட்ட நேரத்தில் விற்பதையும் 10581 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். பிள்ளைகளை வைத்துச் சரக்கு கைமாற்றினால் சிறார் நீதிச் சட்டத்தின் 78-வது பிரிவு, தண்டனை அதே 7 ஆண்டு வரை. கிராமசபையில் தீர்மானம் போட்டதுமே கடை மூடிவிடாது. ஆனாலும் போட்டு, நகலைக் கலெக்டருக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த மனுவுக்கு அதுதான் பலம்.

அடையாளங்கள்

வாடை கடைசி அடையாளம். அதற்கு முன்பே சில தெரியும். வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போய்ப் பல் தேய்ப்பது, திடீரென்று சூயிங்கமும் பாக்கும், பழைய நண்பர்கள் ஒரே மாதத்தில் மாறுவது, திங்கட்கிழமைகளில் மட்டும் லீவு, சில்லறைப் பணம் காணாமல் போவது. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பதின்ம வயதில் கோபமும் கதவைச் சாத்திக்கொள்வதும் சகஜம். மூன்று நான்கு சேர்ந்து, சில வாரங்களில் வந்தால் பேச வேண்டும். மனச்சோர்வும் இதே முகத்தோடு வரும் என்பதையும் மறக்க வேண்டாம். குடி அதன் விளைவாகவும் இருக்கலாம்.

குடித்துவிட்டு வந்து நிற்கும் ராத்திரி

அன்றைக்குத் திட்டுவது, அடிப்பது, அழுவது மூன்றையும் ஒத்திவையுங்கள். முதல் வேலை, ஆபத்தா இல்லையா என்று பார்ப்பது.

தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்கிறானா? மூச்சை ஒரு நிமிடம் முழுதாகக் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். எட்டுக்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டு மூச்சுக்கு இடையில் பத்து விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ, உதடும் நகமும் நீலம் பாய்ந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாவிட்டாலோ உடனே 108. தலையில் அடிபட்டிருந்தாலும், கூடவே மாத்திரை எதையாவது போட்டிருந்தாலும் அப்படியே. குடித்தது கள்ளச்சாராயமாக இருக்கலாம் என்ற சந்தேகம் துளியளவு இருந்தாலும் அவன் தெளிவாகப் பேசுகிறான் என்று காத்திருக்காதீர்கள். அதில் கலந்திருக்கக்கூடிய மெத்தனால் என்ற விஷம் மணிக்கணக்கில் ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டுக் கண்ணையும் உயிரையும் வாங்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதுதான்.

ஆம்புலன்ஸ் வரும் வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேல்பக்கக் கால் முழங்காலில் மடங்கி முன்னால் வர வேண்டும், கன்னத்துக்கு அடியில் அவனுடைய கையே தலையணை, வாய் தரையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மல்லாக்கப் படுத்தவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துவிடும். குடியில் சாகும் இளம் உயிர்கள் பல இப்படிப் போகின்றன.

எலுமிச்சைச் சாறு, மோர், கட்டங்காப்பி, தலையில் பச்சைத்தண்ணீர் எதுவும் ஆல்கஹாலை ஒரு கிராம்கூடக் குறைக்காது. அரை மயக்கத்தில் வாயில் ஊற்றுவது புரையேற்றும், குளிர்ந்த தண்ணீர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் உடல் சூட்டை இன்னும் இறக்கும். தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். “தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்று கதவைச் சாத்திவிட்டுப் போவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. கடைசி மடக்குக்குப் பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். நன்றாகப் பேசியபடி படுத்தவன் அரை மணியில் மயங்கலாம். விடியும் வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கால் மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பார்க்க வேண்டும். பதின்ம வயதினருக்கு ரத்தச் சர்க்கரையும் சட்டென்று இறங்கும். முழுதாக விழித்து, தானே பிடித்துக் குடிக்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். முடியாவிட்டால் கொடுக்கக் கூடாது.

மறுநாள்

சாப்பிட வைத்த பிறகு பேசுங்கள். “நேத்து ராத்திரி ரொம்பப் பயந்துட்டேன்” என்று தொடங்கினால் அவன் தலை குனியும். “குடும்ப மானத்தை வாங்கிட்டியே” என்று தொடங்கினால் காது மூடிக்கொள்ளும். என்ன குடித்தான், எவ்வளவு, யார் கொடுத்தது, எங்கே வைத்து, இது எத்தனையாவது தடவை. இந்த ஐந்துக்கும் பதில் வேண்டும், ஒரே நாளில் வராவிட்டாலும் பரவாயில்லை. தண்டனை சின்னதாக, முடியும் தேதியோடு இருக்கட்டும்: இரண்டு வாரம் மாலையில் வீட்டிலேயே இருக்க வேண்டும். விளையாட்டுப் பயிற்சியை மட்டும் நிறுத்தாதீர்கள், அவனைக் காப்பதே அதுதான். சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்வதும், படிப்பை நிறுத்துவதும், அடிப்பதும் அவனை அந்தக் கூட்டத்தின் பக்கமே தள்ளும்.

இளைஞர்களுக்காக மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆறு கேள்விகள் இருக்கின்றன. குடித்தவர் ஓட்டிய வண்டியில் போனதுண்டா, அல்லது தானே குடித்துவிட்டு ஓட்டியதுண்டா? மனசு லேசாக, கூட்டத்தில் ஒட்டிக்கொள்ள என்று குடித்ததுண்டா? தனியாகக் குடித்ததுண்டா? குடித்தபோது செய்தது மறந்துபோனதுண்டா? குறைத்துக்கொள் என்று வீட்டாரோ நண்பரோ சொன்னதுண்டா? அதனால் சிக்கலில் மாட்டியதுண்டா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் வீட்டோடு தீராது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. போதை மீட்புக்கென்றே ‘கலங்கரை’ மையங்கள் 2025-ல் அரசு மருத்துவமனைகளில் தொடங்கப்பட்டிருக்கின்றன. போனில் பேச 14416 மனநல ஆலோசனைக்கு, 14446 போதை மீட்புக்கு. தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தி, கை நடுக்கம், வேர்வை, பிதற்றல் வந்தால் அது வீட்டில் சமாளிக்கக் கூடியது அல்ல, இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் ‘குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்’ என்று ஒட்டியிருக்கும் விளம்பரத்தை நம்பாதீர்கள். அப்படிக் கொடுக்கப்படும் பொடிகளில் டைசல்ஃபிரம் இருந்தால், அது தெரியாமல் ஒருவர் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அது மருத்துவர் கண்காணிப்பில், எடுப்பவர் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து. ராத்திரியில் வேனில் வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போய் ‘திருத்தி’த் தரும் இல்லங்களிலும் விடாதீர்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன்படி 18 வயதாகாதவரை உள்நோயாளியாகச் சேர்க்க இரண்டு வல்லுநர்கள் தனித்தனியாகப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும், பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, பெற்றோரோ பெற்றோர் நியமித்தவரோ கூடவே தங்க வேண்டும். ‘பெற்றோர் மூன்று மாதம் பார்க்கக் கூடாது’ என்று சொல்லும் இடத்திலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

நிறுத்திய பிறகு வரும் முதல் விசேஷம் கடினமானது. அந்தக் கல்யாணத்துக்கு அவனைத் தனியாக முன்னால் அனுப்ப வேண்டாம். வரவேற்பு தொடங்கும் நேரத்துக்குச் சேர்ந்து போங்கள், முதல் பந்தியிலேயே சேர்ந்து உட்காருங்கள். மொய் எழுதும் இடத்தில் அவனுக்கு ஒரு வேலை கொடுக்கச் சொல்லி முன்பே பேசி வையுங்கள், பேனா பிடித்த கைக்கு யாரும் டம்ளர் நீட்ட மாட்டார்கள். ஒன்பது மணிக்குக் கிளம்பும் வண்டியில் அவனும் இருக்க வேண்டும்.